பணம் போட்டாச்சு, எந்தப் பில்லுக்கு? – பேமெண்ட் அட்வைஸ் ஓர் எளிய விளக்கம்

திருப்பூரில் ஒரு டையிங் யூனிட். கணக்கர் காலையில் வங்கிக் கணக்கைத் திறக்கிறார். முந்தின நாள் 2,52,460 ரூபாய் வரவாகியிருக்கிறது. அனுப்பியவர் யார் என்று தெரிகிறது: மாதாமாதம் துணியைச் சாயத்துக்குக் கொடுக்கும் பனியன் கம்பெனி. லெட்ஜரைப் பார்த்தால் அந்தக் கம்பெனி பேரில் மூன்று பில் நிற்கிறது: 84,000, 1,26,000, 52,500. எந்த இரண்டைக் கூட்டிப் பார்த்தாலும், மூன்றையும் கூட்டிப் பார்த்தாலும் 2,52,460 வருவதில்லை.

பணம் வந்துவிட்டது, ஆனால் அது எதற்கு வந்த பணம் என்று தெரியவில்லை. வங்கி தொகையைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். எந்தப் பில்லுக்கு, எவ்வளவு பிடித்தம், ஏன் பிடித்தம் என்பதைக் கொண்டுவராது. அந்தத் தகவலைப் பணம் கொடுத்தவர் தனியாக எழுதி அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர்தான் பேமெண்ட் அட்வைஸ். சில கம்பெனிகளில் ரெமிட்டன்ஸ் அட்வைஸ் என்பார்கள். இரண்டும் ஒன்றே.

இது ரசீது இல்லை. ரசீது பணம் வாங்கியவர் கொடுப்பது. அட்வைஸ் பணம் கொடுத்தவர் கொடுப்பது. சட்டத்தில் இதற்கென்று கட்டாய வடிவம் எதுவும் கிடையாது. அதனாலேயே பல இடங்களில் இதை அனுப்பாமல் விட்டுவிடுகிறார்கள், அல்லது ‘பணம் போட்டாச்சு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

அந்த 2,52,460 எப்படி வந்தது?

மூன்று பில்லுக்கும் சேர்த்து சாயக்கூலி 2,50,000. அதன்மேல் 5% ஜிஎஸ்டி 12,500. மொத்தம் 2,62,500. இதிலிருந்து இரண்டு பிடித்தம்.

முதலாவது டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. சாயம் போட்டுக் கொடுப்பது ஜாப் ஒர்க் (பிறர் பொருளில் கூலிக்குச் செய்யும் வேலை), ஆகவே ஒப்பந்தக்காரருக்கான டிடிஎஸ் விதி பொருந்தும். பணம் பெறுபவர் தனிநபராகவோ இந்துக் கூட்டுக் குடும்பமாகவோ இருந்தால் 1%, கூட்டு நிறுவனம், கம்பெனி போன்றவற்றுக்கு 2%. ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஆண்டு மொத்தம் 1,00,000 ரூபாயைத் தாண்டினாலோ பிடிக்க வேண்டும். நம் டையிங் யூனிட் கூட்டு நிறுவனம், ஆகவே 2%. பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதைச் சேர்க்காமல் கூலித் தொகைக்கு மட்டுமே டிடிஎஸ் கணக்கிட வேண்டும். 2,50,000-க்கு 2% என்றால் 5,000 ரூபாய்.

இரண்டாவது டெபிட், அதாவது வேலையில் உள்ள குறைக்காகக் கழித்துக்கொள்ளும் தொகை. 427-ஆம் பில்லில் 1,000 கிலோ துணி, கிலோவுக்கு 120 ரூபாய் கூலி. அதில் 40 கிலோ ஷேடு (சாய நிறம்) மாறி வந்திருக்கிறது. 40 கிலோவுக்கான கூலி 4,800, அதற்கான ஜிஎஸ்டி 240, ஆக 5,040.

2,62,500-இல் 5,000-உம் 5,040-உம் கழித்தால் 2,52,460. பனியன் கம்பெனியின் கணக்குப்பிரிவுக்கு இது பத்து நிமிட வேலை. டையிங் யூனிட் கணக்கர் இதைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வழியே இல்லை. ஷேடு மாறிய விஷயம் சூப்பர்வைசருக்குத் தெரிந்திருக்கலாம், கணக்கர் காதுக்கு வந்திருக்காது.

அதே தகவல் அட்வைஸாக வரும்போது இப்படி இருக்கும்:

பணம் செலுத்திய விவரம்
செலுத்திய தேதி: 12-06-2025
முறை: ஆர்டிஜிஎஸ்
யூடிஆர் எண்: (வங்கி ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தரும் அடையாள எண், 22 எழுத்தும் முழுதாக)
வரவான கணக்கு: கடைசி 4 இலக்கம் மட்டும்

பில் 412, தேதி 02-05-2025: பில் தொகை 84,000, டிடிஎஸ் 1,600, செலுத்தியது 82,400
பில் 427, தேதி 12-05-2025: பில் தொகை 1,26,000, டிடிஎஸ் 2,400, டெபிட் 5,040, செலுத்தியது 1,18,560
பில் 431, தேதி 20-05-2025: பில் தொகை 52,500, டிடிஎஸ் 1,000, செலுத்தியது 51,500
மொத்தம்: 2,62,500, டிடிஎஸ் 5,000, டெபிட் 5,040, செலுத்தியது 2,52,460

டெபிட் காரணம்: பில் 427, 40 கிலோ ஷேடு வித்தியாசம், கிலோ 120 ரூபாய் வீதம் 4,800, ஜிஎஸ்டி 240. டெபிட் நோட் இணைப்பில்.
விளக்கம் வேண்டுமானால் தொடர்புகொள்ள: கணக்குப்பிரிவில் பொறுப்பானவர் பெயர், போன் எண்.

இவ்வளவுதான். அரைப் பக்கம்கூட இல்லை. கடைசி வரி முக்கியம். கேள்வி வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் சப்ளையர் நேரே முதலாளிக்குப் போன் போடுவது நம் ஊரில் வழக்கம். அவருக்கு அந்த 40 கிலோ விவரம் நினைவில் இருக்காது.

எங்கெல்லாம் சறுக்கும்

முதல் சறுக்கல் பில் நம்பரில். அட்வைஸில் போட வேண்டியது சப்ளையரின் பில் நம்பர். பல கம்பெனிகளில் பில் உள்ளே வந்ததும் தங்கள் வரிசைப்படி ஒரு வவுச்சர் நம்பர் கொடுத்துப் பதிவு செய்கிறார்கள். பிறகு கணினியிலிருந்து அட்வைஸ் எடுக்கும்போது அந்த நம்பரே அச்சாகிவிடுகிறது. ‘1187-க்குப் பணம் செலுத்தப்பட்டது’ என்று வந்தால், 412, 427 என்று பில் போட்ட சப்ளையருக்கு அது எந்தப் பில் என்று எப்படித் தெரியும்? டாலி என்ற கணக்கு மென்பொருளில் கொள்முதல் பதியும்போது சப்ளையர் இன்வாய்ஸ் நம்பர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதையும் நிரப்புங்கள், பில்-வைஸ் விவரம் கேட்கும் இடத்திலும் அதே நம்பரைக் கொடுங்கள். அதோடு பில் தேதியையும் போடுங்கள். ஏப்ரல் 1 வந்ததும் பில் வரிசையை 1-இலிருந்து மறுபடி தொடங்குகிறவர்கள் நிறைய. சென்ற ஆண்டு 12-ஆம் பில்லும் இந்த ஆண்டு 12-ஆம் பில்லும் ஒரே சமயத்தில் நிலுவையில் இருக்கலாம்.

அடுத்தது யூடிஆர். ஆர்டிஜிஎஸ் பணத்துக்கு இது 22 எழுத்து கொண்டது. முதல் 4 எழுத்து வங்கியின் குறி, அடுத்த இரண்டும் முறையையும் வழியையும் காட்டும், பிறகு 8 இலக்கத்தில் ஆண்டு, மாதம், தேதி, கடைசி 8 இலக்கம் வரிசை எண். நெஃப்டில் பெரும்பாலும் 16 எழுத்து. ஐஎம்பிஎஸ் என்றால் 12 இலக்க எண். இதைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தால் ஓரெழுத்து மாறிவிடும். பூஜ்ஜியத்துக்கும் ஆங்கில ‘ஓ’ எழுத்துக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வங்கித் தளத்திலிருந்து காப்பி செய்து ஒட்டுவதே சரி. சில வங்கித் தளங்கள் ‘டிரான்சாக்ஷன் ஐடி’ என்று தங்கள் உள்எண்ணை முன்னால் காட்டும். அதைச் சப்ளையர் தன் வங்கியில் கொடுத்துத் தேட முடியாது. தேடிக் கண்டுபிடிக்க உதவுவது யூடிஆர் மட்டுமே.

டிடிஎஸ் குழப்பத்தில் பாதி, ஜிஎஸ்டி சேர்ந்த தொகைக்கு வரியைக் கணக்கிடுவதால் வருவது. நம் கணக்கில் 2,62,500-க்கு 2% போட்டால் 5,250 ஆகும். 250 ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் அந்த 250 இரண்டு பக்க லெட்ஜரிலும் ஆண்டு முடியும்வரை ஒட்டிக்கொண்டே இருக்கும். பொருள் வாங்குவதில் இன்னொரு விதி உண்டு. வாங்குபவரின் முந்தைய ஆண்டு விற்பனை 10 கோடியைத் தாண்டியிருந்து, ஒரே சப்ளையரிடம் ஆண்டுக் கொள்முதல் 50 லட்சத்தைக் கடந்தால், கடந்த பகுதிக்கு 0.1% பிடிக்க வேண்டும். உங்களுக்கு நூல் விற்கும் மில்லுக்கு இது எப்படித் தோன்றும் என்று யோசியுங்கள்: ஏப்ரலிலிருந்து முழுப் பணமும் வந்துகொண்டிருக்கும், ஏதோ ஒரு மாதத்திலிருந்து திடீரென்று ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் குறையும். எல்லையைக் கடக்கும் பில்லிலோ ஒரு பகுதிக்கு மட்டும் பிடித்தம். முதல் தடவை பிடிக்கும்போது ‘இந்தப் பில்லோடு 50 லட்சம் கடந்துவிட்டது, இன்ன தொகைக்கு 0.1%’ என்று அட்வைஸில் ஒரு வரி எழுதிவிட்டால், போன் வராது.

பிடித்த டிடிஎஸ்ஸை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் (மார்ச் மாதத்துக்கு ஏப்ரல் 30 வரை). அது சப்ளையரின் வரிக் கணக்கில் தெரிவது காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் தாக்கலான பிறகுதான். ஜூன் காலாண்டுக்கு ஜூலை 31 கடைசி நாள். ஆக ஜூனில் பிடித்த 5,000 ரூபாய்க்கு, ஆகஸ்ட் வரைகூடச் சப்ளையர் கையில் இருக்கும் ஒரே சான்று உங்கள் அட்வைஸ்தான்.

டெபிட் என்பது இதைவிட நுட்பமான இடம். பணத்தைக் குறைத்துப் போட்டுவிட்டு அட்வைஸில் ‘டெபிட் 5,040’ என்று மட்டும் எழுதினால், சப்ளையர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடாது. ஜிஎஸ்டி சட்டத்தில், பில் போட்டவர் தன் வரியைக் குறைத்துக்கொள்ள அவரே கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் ஆவணம்) போட வேண்டும். நீங்கள் போடும் டெபிட் நோட் உங்கள் கோரிக்கைக்கான வணிக ஆவணம் மட்டுமே. அவர் கிரெடிட் நோட் போட நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரை, அல்லது அவர் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தேதி வரை, எது முந்தியோ அதுவரை நேரம் உண்டு. அதனால் அட்வைஸிலேயே ‘இதற்குக் கிரெடிட் நோட் அனுப்பவும்’ என்று கேட்டுவிடுங்கள். கிலோ, ரேட், எந்த பேட்ச் என்பதும் அதில் இருக்கட்டும். எத்தனை கிலோ, ஏன் என்று சொல்லாமல் பணத்தை வெட்டுவது சின்ன யூனிட்காரரை மனம் நோகவைக்கும். அவர் கூலிக்கு வேலை செய்கிறவர், கரண்ட் பில்லும் சம்பளமும் அந்தப் பணத்திலிருந்துதான் போக வேண்டும்.

சொல்லாவிட்டால் யார் முடிவு செய்வது?

பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 59, 60, 61 ஆகிய மூன்று பிரிவுகள் இதைப் பற்றியே பேசுகின்றன. ஒருவருக்குப் பல கடன் பாக்கி வைத்திருப்பவர், பணம் கொடுக்கும்போது இது இன்ன கடனுக்கு என்று சொன்னால் (அல்லது சூழ்நிலையிலிருந்தே அது புரிந்தால்), பணத்தை ஏற்றுக்கொள்பவர் அந்தக் கடனில்தான் கழிக்க வேண்டும். சொல்லாவிட்டால், செலுத்தும் காலம் வந்த எந்தக் கடனில் கழிப்பது என்பது வாங்குபவர் விருப்பம். காலாவதியான பழைய பாக்கியில்கூட அவர் கழித்துக்கொள்ளலாம். இருவருமே எதுவும் செய்யாமல் விட்டால், தேதி வரிசைப்படி பழையதிலிருந்து கழியும்.

இதை நம் உதாரணத்தில் வைத்துப் பாருங்கள். 412-ஆம் பில் துணியில் தகராறு, அதை நிறுத்திவைத்து 427-க்கும் 431-க்கும் மட்டும் நீங்கள் பணம் போடுகிறீர்கள். அட்வைஸ் இல்லை. சப்ளையர் அதைப் பழைய பில்லான 412-இல் கழித்துக்கொள்கிறார். அவர் புத்தகத்தில் தகராறுப் பில் தீர்ந்துவிட்டது, 427-இல் ஒரு பகுதியும் 431-உம் பாக்கி. உங்கள் புத்தகத்தில் அதற்கு நேர்மாறு. எந்தப் பில்லுக்கு என்று சூழ்நிலையிலிருந்தும் புரியாதபோது, அவர் பக்கம் சட்டப்படி தவறில்லை. சொல்லும் உரிமை உங்களிடம் இருந்தது, நீங்கள் பயன்படுத்தவில்லை.

வரி பக்கத்திலும் இது வந்து நிற்கும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுக்காவிட்டால், அந்தப் பில்லில் எடுத்த உள்ளீட்டு வரி வரவை (பில்லில் உள்ள ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழித்துக்கொண்டதை), கொடுக்காத பகுதிக்கு ஏற்ப வட்டியுடன் திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பில்லுக்கு எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று ஆடிட்டர் கேட்கும்போது, ‘மொத்தமாகக் கொடுத்தோம்’ என்ற பதில் உதவாது.

சப்ளையர் குறு, சிறு நிறுவனமாக இருந்தால் பணம் கொடுப்பவருக்கு இன்னும் இறுக்கம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள நாளுக்குள், அதுவும் 45 நாளைத் தாண்டாமல். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நாள் எண்ணுவது பில் தேதியிலிருந்து அல்ல, சரக்கை அல்லது வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கில் மாதாந்திரக் கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த விதிப்படி, கெடு தாண்டிய தொகையை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். மார்ச் கடைசியில் இந்த விதிக்காகவே பல கம்பெனிகள் அவசரமாகப் பணம் போடுகின்றன. அப்படிப் போடுகிற பணம் கெடு தாண்டிய பில்லுக்கே சேர்ந்தது என்று காட்ட, பில் வாரியாக எழுதிய அட்வைஸ் வேண்டும்.

எப்போது அனுப்புவது, எப்படி அனுப்புவது

யூடிஆர் கையில் கிடைத்த பிறகு. அதற்கு முன் வேண்டாம். வங்கித் தளத்தில் ஒருவர் பணத்தை ஏற்றியிருப்பார், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டியிருக்கும். ஏற்றியதுமே அட்வைஸ் அனுப்பிவிட்டால், ஒப்புதல் தர வேண்டியவர் ஊரில் இல்லாமல் மூன்று நாள் போய்விட்டது என்றால், சப்ளையர் அந்தப் பணத்தை நம்பிக் கொடுத்த காசோலை திரும்பும்.

நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுதியாக, ஒரு நாளைக்கு 48 தொகுதி போகிறது. 2019 டிசம்பர் 16 முதல் விடுமுறை நாளிலும் இயங்குகிறது. ஆர்டிஜிஎஸ் 2 லட்சமும் அதற்கு மேலும். 2020 டிசம்பர் 14 முதல் அதுவும் 24 மணி நேரம். பெறும் வங்கியால் நெஃப்ட் பணத்தை வரவு வைக்க முடியாவிட்டால், தொகுதி முடிந்த 2 மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். எனவே காலையில் போட்ட பணத்துக்கு மதியம் ஒருமுறை ‘ரிட்டர்ன்’ வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வைஸ் அனுப்புவது நல்ல பழக்கம். அனுப்பிய பிறகு திரும்பி வந்தால், பழைய யூடிஆரைக் குறிப்பிட்டு ‘இது ரத்து’ என்று தனியாக எழுதுங்கள். மறுபடி போட்டதும் புதிய யூடிஆருடன் புதிய அட்வைஸ். பழையதையே திருத்தி அனுப்பினால் இரண்டு முறை பணம் வந்ததாக அவர் பதிந்துவிடும் ஆபத்து உண்டு.

டாலி பிரைமில் எஃப்5 அழுத்திப் பேமெண்ட் வவுச்சர் போடும்போது, பார்ட்டியைத் தேர்ந்தெடுத்ததும் பில்-வைஸ் விவரம் கேட்கும். அங்கே ‘ஆன் அக்கவுண்ட்’ (எந்தப் பில் என்று சொல்லாமல் மொத்தமாக) என்று தள்ளிவிடாமல் ‘அகெய்ன்ஸ்ட் ரெஃப்’ (இன்ன பில்லுக்கு) தேர்ந்து ஒவ்வொரு பில்லாகத் தொகை கொடுங்கள். வங்கி விவரத்தில் யூடிஆரை இன்ஸ்ட்ருமென்ட் நம்பர் கட்டத்தில் போடுங்கள். பிறகு பேங்கிங் மெனுவில் பேமெண்ட் அட்வைஸ் தானாகவே வந்து நிற்கும், பிடிஎஃப் ஆக்கி அனுப்ப வேண்டியதுதான். ‘ஆன் அக்கவுண்ட்’ என்று போட்ட பணத்துக்கு எந்த மென்பொருளாலும் உருப்படியான அட்வைஸ் தர முடியாது.

மெயிலின் தலைப்பில் உங்கள் கம்பெனி பெயர், தொகை, தேதி மூன்றும் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்துத் தேடுபவர் அதைத்தான் தட்டுவார். சப்ளையரின் பொது மெயிலுக்கு அனுப்பாமல் கணக்குப்பிரிவு மெயிலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெயிலே பார்க்காத சின்ன யூனிட்களுக்கு அதே பிடிஎஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். ஆனால் பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள், வங்கித் திரையை மட்டும் படம் பிடித்து அனுப்பாதீர்கள். அந்தப் படத்தில் தொகை இருக்கும், பில் இருக்காது. காசோலை என்றால் அட்வைஸை அதனுடன் பின் அடித்தே கொடுங்கள். காசோலை எண், வங்கி, தேதி அதில் வேண்டும். காசோலை அதன் தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும்.

அட்வான்ஸ் என்றால் பில் இருக்காது. அப்போது பர்சேஸ் ஆர்டர் எண்ணைப் போட்டு ‘அட்வான்ஸ்’ என்று எழுதுங்கள். பில் வந்து மீதியைக் கொடுக்கும்போது அந்த அட்வான்ஸை, அதன் தேதியுடன், கழித்துக் காட்ட மறக்கக் கூடாது.

பணம் வாங்குகிற பக்கம்

அட்வைஸ் வந்தால் அதை வைத்து வரவைப் பதியாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கில் அதே யூடிஆர், அதே தொகை வந்திருக்கிறதா என்று பாருங்கள். அட்வைஸ் ஒரு செய்தி மட்டுமே, பணம் அல்ல. போலியான ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, ‘பணம் போட்டாச்சு, சரக்கை ஏத்துங்க’ என்று ஏமாற்றுவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. பணம் வந்தது உறுதியானபின் வங்கி வரவு 2,52,460, டிடிஎஸ் வரவேண்டியது 5,000 என்று பிரித்துப் பதியுங்கள். 5,040-ஐ ஏற்றுக்கொண்டால் கிரெடிட் நோட். ஏற்காவிட்டால் 427-இல் அது பாக்கியாகவே நிற்கட்டும், அதே வாரம் எழுத்தில் மறுப்பைத் தெரிவியுங்கள். மார்ச் மாதம் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் (பாக்கித் தொகையை உறுதிசெய்யக் கேட்கும் கடிதம்) வரும்போது ஜூன் மாத ஷேடு தகராறைக் கிளப்பினால் அந்தத் துணி யார் கையிலும் இருக்காது.

கடைசியாக, இரு பக்கமும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய ஒரு விஷயம். சப்ளையர் பெயரில் ஒரு மெயில் வரும்: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்பவும்.’ மெயில் முகவரியில் ஓரெழுத்துதான் மாறியிருக்கும், சில சமயம் உண்மையான மெயிலே திருடுபோயிருக்கும். உங்கள் பழைய அட்வைஸ் ஒன்று அவர்கள் கையில் கிடைத்திருந்தால் பில் நம்பர், தொகை எல்லாம் சரியாகவே எழுதியிருப்பார்கள். அதனால்தான் அட்வைஸில் கணக்கு எண்ணின் கடைசி 4 இலக்கம் மட்டும் போடச் சொல்கிறோம். கணக்கு மாற்றம் என்று வந்தால் அந்த மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, தெரிந்த குரலில் உறுதி கேளுங்கள். ரத்து செய்த காசோலையின் நகல் வாங்குங்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் கணக்குதாரர் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. பெயர் பொருந்துகிறதா என்று அதில் பாருங்கள். புதிய கணக்குக்கு முதலில் 1 ரூபாய் அனுப்பி, அது வந்ததா என்று சப்ளையரிடமே போனில் கேட்டபின் மீதியை அனுப்புங்கள். பணம் தவறான கணக்குக்குப் போய்விட்டது தெரிந்தால் அந்த நிமிடமே உங்கள் வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் போன் செய்யுங்கள். அங்கே அவர்கள் முதலில் கேட்பது யூடிஆர் எண்ணைத்தான்.